போலீஸ் சீர்திருத்தம் படிக்கணுமா? ஓர் எஃப்.ஐ.ஆரிலிருந்து ஆரம்பியுங்கள்

லாக்கப்பில் யாராவது செத்துப்போனால் கொஞ்ச நாளைக்கு எல்லாரும் போலீஸ் சீர்திருத்தம் பேசுவோம். 2020இல் சாத்தான்குளம் நடந்தபோதும் அப்படித்தான் பேசினோம், அப்புறம் அடங்கிவிட்டது. அடுத்த முறை கையில் ஏதாவது ஆதாரத்தோடு பேசலாமே என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பதிவு. சட்டக் கல்லூரியில் இப்போதுதான் சேர்ந்தவர், பத்திரிகை வேலைக்குப் புதிதாக வந்தவர், குரூப் 1 எழுதப் படிப்பவர், ஏரியா ஸ்டேஷனோடு மல்லுக்கு நிற்கும் குடியிருப்போர் நலச் சங்கத்துக்காரர், யாராக இருந்தாலும் சரி. இங்கே சொல்பவை எல்லாம் இணையத்தில் காசில்லாமல் கிடைப்பவை. முக்கால்வாசி ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் இருப்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

எந்தத் தாளைத் திறந்தாலும் இதை எழுதியவர் யார், எண்ணியவர் யார், எதை எண்ணாமல் விட்டார் என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். எந்த இணையதளம் நல்ல தளம் என்று பட்டியல் போடுவதைவிட இந்தப் பழக்கம்தான் உதவும்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"போலீஸ் ஏன் இப்படி இருக்கிறது" என்று தேடினால் ஆயுசுக்கும் தேடிக்கொண்டே இருக்கலாம். சின்னதாகக் கேளுங்கள். மயிலாப்பூரில் ஒருவர் செயின் பறிப்புப் புகார் கொடுத்தால் அது எஃப்.ஐ.ஆர். ஆகிறதா, சி.எஸ்.ஆர். என்ற மனு ரசீதோடு நிற்கிறதா? ஓர் இன்ஸ்பெக்டர் ஒரே ஸ்டேஷனில் எவ்வளவு காலம் இருக்கிறார்? போலீஸ் மேலேயே புகார் என்றால் விசாரிப்பது யார்? நான் மூன்றாவது கேள்வியை வைத்துக்கொண்டு போகிறேன், நீங்கள் உங்களுடையதை வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

படி 2: எஃப்.ஐ.ஆர். படிக்கப் பழகுங்கள்

எஃப்.ஐ.ஆர். போட்ட 24 மணி நேரத்துக்குள் அதை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் யூத் பார் அசோசியேஷன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் வசதி இருக்கிறது. மாவட்டமாகச் சென்னையைத் தேர்ந்தெடுத்து ஸ்டேஷன் பெயரைத் தேடுங்கள். சென்னை ஸ்டேஷன்களுக்கு இ-1 மயிலாப்பூர், ஆர்-1 மாம்பலம், டி-1 திருவல்லிக்கேணி என்று எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளம் உண்டு. தீர்ப்புகளிலும் இப்படித்தான் வரும் என்பதால் இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

பரபரப்பான வழக்கு வேண்டாம். பைக் திருட்டு, அடிதடி என்று ஏதாவது சாதாரணமான ஒன்றை எடுங்கள். படிவத்தில் முதலில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண். அடுத்து சட்டப் பிரிவுகள். மூன்றாவது பத்தியில் கொஞ்சம் நில்லுங்கள். குற்றம் நடந்த நாளும் நேரமும் ஓரிடத்தில் இருக்கும், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம் இன்னோரிடத்தில் இருக்கும். ஐந்தாவதில், சம்பவ இடம் ஸ்டேஷனிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்று எழுதியிருப்பார்கள். எட்டாவது, புகார் கொடுக்கத் தாமதமானதற்குக் காரணம். கடைசியில், கோர்ட்டுக்கு அனுப்பிய நாளும் நேரமும். இந்த நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ராத்திரி 9 மணிக்கு நடந்த அடிதடி, அரை கிலோமீட்டரில் ஸ்டேஷன், தகவல் வந்தது மறுநாள் சாயங்காலம் என்றிருந்தால் நடுவில் என்ன நடந்தது என்று கேட்கத் தோன்றும். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்யும்போது பிடித்துக்கொள்கிற முதல் நூலும் பெரும்பாலும் இதுதான்.

சி.எஸ்.ஆர். பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். மனுவைச் சமூகப் பணிப் பதிவேட்டில் ஏற்றி ஒரு ரசீது கொடுத்து அனுப்புவது. பணத் தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை என்றால் அதோடு முடிவதில் தப்பில்லை. ஆனால் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. ரசீதோடு நின்ற புகார்கள் எந்தக் குற்றக் கணக்கிலும் ஏறாது. படி 4இல் இது திரும்ப வரும்.

எஃப்.ஐ.ஆரில் உண்மையான மனிதர்களின் பெயரும் விலாசமும் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 72ஆம் பிரிவில் தண்டனைக்குரிய குற்றம்.

படி 3: சட்டத்தை மூலத்திலேயே படியுங்கள்

சட்டத்துக்கு இந்தியா கோட் தளம், தீர்ப்புக்கு இந்தியன் கானூன் தளம். இரண்டு போதும். உச்ச நீதிமன்றத் தளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) வந்துவிட்டது. பழைய தீர்ப்புகளில் பழைய எண்கள்தான் இருக்கும் என்பதால் நோட்டில் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்: எஃப்.ஐ.ஆருக்கு அன்று 154, இன்று 173. கைது செய்தவரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது அன்று 57, இன்று 58. காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் விசாரணை என்பது அன்று 176(1ஏ), இன்று 196(2). 173இல் மூன்றாம் உட்பிரிவையும் பாருங்கள்: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்கிறது. லலிதா குமாரி தீர்ப்பை இதன் பக்கத்தில் வைத்துப் படித்தால் எங்கே இடைவெளி விழுகிறது என்று தெரியும்.

அடுத்தது பிரகாஷ் சிங் தீர்ப்பு, 2006 செப்டம்பர் 22. உத்தரப் பிரதேசத்திலும் அசாமிலும் டி.ஜி.பி.யாக இருந்த பிரகாஷ் சிங், ஓய்வுபெற்ற பிறகு 1996இல் வழக்குப் போட்டார், தீர்ப்பு வரப் பத்து வருஷம் ஆனது. ஏழு உத்தரவுகள்: மாநிலப் பாதுகாப்பு ஆணையம், டி.ஜி.பி.க்கு இரண்டாண்டுப் பதவிக்காலம், ஐ.ஜி. முதல் ஸ்டேஷன் பொறுப்பாளர் வரை குறைந்தபட்சம் இரண்டாண்டு, புலனாய்வையும் சட்டம் ஒழுங்கையும் பிரிப்பது, இடமாற்றத்துக்கு ஒரு வாரியம், போலீஸ் மீதான புகார்களுக்கு ஆணையம், மத்தியில் ஒரு பாதுகாப்பு ஆணையம். தீர்ப்பு நீளம்தான், பயப்பட வேண்டாம். உத்தரவுகள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன, அங்கிருந்து ஆரம்பித்து முந்தைய பக்கங்களுக்குப் போகலாம்.

இப்போது இன்னொரு டேபில் தமிழ்நாடு காவல்துறை (சீர்திருத்தங்கள்) சட்டம், 2013ஐத் திறங்கள். சின்னச் சட்டம், ஒரு காபி குடிக்கிற நேரத்தில் முடித்துவிடலாம். புகார் ஆணையத்தை மட்டும் ஒப்பிடுங்கள். மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும், மாவட்டத்தில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி என்றது தீர்ப்பு. நம் சட்டத்தில் மாநிலத் தலைவர் உள்துறைச் செயலாளர், கூடவே டி.ஜி.பி. உறுப்பினர். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். எஸ்.பி.யின் கீழ் வேலை பார்ப்பவர்மீது புகார் கொடுத்தால் எஸ்.பி. உட்கார்ந்திருக்கும் குழுவுக்கே அது போகிறது. தீர்ப்பை மதித்துச் சட்டம் போட்டாயிற்று என்று காகிதத்தில் சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்பது என் கருத்து. இரண்டையும் பக்கத்தில் வைத்து நீங்களே பார்த்துவிட்டு மறுத்தால் சந்தோஷம்.

சென்னைக்காரர்கள் 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கமிஷனர் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் தடை போடுவது அதன் 41ஆம் பிரிவில்தான்.

படி 4: எண்களைச் சந்தேகத்தோடு தொடுங்கள்

தேசிய குற்ற ஆவணக் காப்பகம், அதாவது என்.சி.ஆர்.பி., "கிரைம் இன் இந்தியா" அறிக்கையை வெளியிடுகிறது; அந்த அறிக்கை, காப்பகம் தொடங்குவதற்கு முன்பே, 1953ஆம் ஆண்டிலிருந்து வருவது. காவலர் எண்ணிக்கை, காலியிடம், பெண் போலீஸ், வாகனம் இதெல்லாம் மத்திய அரசின் காவல் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு அமைப்பான பி.பி.ஆர்.டி. வெளியிடும் ஆண்டறிக்கையில் இருக்கும். தமிழில் வேண்டுமென்றால் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கையின்போது வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு, அரசுத் தளத்தில் பி.டி.எஃப். ஆகக் கிடைக்கிறது. அது அரசு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது என்பதை மறக்காமல் படித்தால் ரொம்பவே உபயோகம்.

குற்ற எண்ணிக்கை கூடினால் குற்றம் கூடியது என்று அர்த்தமில்லை; வழக்குப் பதிவு கூடியிருக்கலாம். என்.சி.ஆர்.பி.யே இதை எச்சரிக்கையாகச் சொல்கிறது. 2020ஐப் பாருங்கள், தமிழ்நாட்டின் ஐ.பி.சி. வழக்குகள் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு எகிறியிருக்கும். ஊரே வீட்டுக்குள் இருந்த வருஷம் அது. அத்தனையும் பெரும்பாலும் ஊரடங்கை மீறியதற்கான 188ஆம் பிரிவு வழக்குகள். இன்னொன்று, ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றத்தை மட்டும்தான் எண்ணுவார்கள். சென்னைக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு: 2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனி கமிஷனரகங்கள் ஆகின. அதற்கு முந்தைய "சென்னை"யும் பிந்தைய "சென்னை"யும் ஒன்றா என்று அடிக்குறிப்பைப் பார்க்காமல் வரைபடம் போடாதீர்கள்.

நம் கேள்விக்கு வருவோம். "கிரைம் இன் இந்தியா" அறிக்கையில் காவல் மரணங்களுக்கு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. ரிமாண்ட் ஆனவர், ஆகாதவர் என்று இரண்டு அட்டவணை. காரணம் என்ற தலைப்பின் கீழ் தற்கொலை, நோய், சிகிச்சையின்போது மரணம், தப்பி ஓடும்போது, போலீஸ் தாக்கியதால் என்று பிரித்திருப்பார்கள். எந்தக் கட்டத்தில் போடுவது என்று முதலில் தீர்மானிப்பது அந்தக் காவல்துறைதான். அதே பக்கத்தில் எத்தனை போலீஸார்மீது வழக்கு, எத்தனை பேர் கைது, எத்தனை பேருக்குத் தண்டனை என்ற பத்திகளும் உண்டு. இடமிருந்து வலமாக விரலை நகர்த்திக்கொண்டே போங்கள்.

அப்புறம் தேசிய மனித உரிமை ஆணையத்தின் கணக்கைத் தேடுங்கள். காவலில் மரணம் என்றால் 24 மணி நேரத்தில் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1993லிருந்தே உத்தரவு. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கும்போது அமைச்சர் தருவது பெரும்பாலும் இந்தக் கணக்குதான். சன்சத் தளத்தில் கேள்வி பதில்கள் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போகாது. ஏன் ஒத்துப்போகவில்லை என்று ஒரு பக்கம் எழுதுவதுதான் இந்தப் படியின் வீட்டுப்பாடம். ஒரு துப்பு: ஸ்டேஷனில் அடிபட்டவர் ரிமாண்ட் ஆகிப் புழல் சிறையில் இறந்தால் அது நீதிமன்றக் காவல் மரணம், வேறு அறிக்கையில் வேறு அட்டவணைக்குப் போய்விடும்.

படி 5: பழைய காகிதங்கள்

தரம்வீரா தலைமையிலான தேசிய போலீஸ் கமிஷன் 1977இல் அமைந்து, 1979 முதல் 1981 வரை எட்டு அறிக்கைகள் கொடுத்தது. எட்டையும் படிக்கப் போவதில்லை, முதல் அறிக்கையில் புகார் விசாரணை பற்றிய பகுதி போதும்.

அதைவிடப் பழசு ஒன்று நம்முடையது. 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் கூகுள் புக்ஸிலும் தேடுங்கள். வரி வசூலுக்காகக் கிட்டி போட்டு விரலை நசுக்கியது, வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தியது என்று ரயத்துகள், அதாவது விவசாயிகள், சொன்னதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அப்போது தாசில்தாரின் ஆட்களே வரியும் வாங்கினார்கள், போலீஸ் வேலையும் பார்த்தார்கள். 1859இல் தனிப் போலீஸ் அமைத்ததன் பின்னணியில் இந்த அறிக்கையும் உண்டு. இன்றைக்கு பி.எஸ்.ஓ. (காவல் நிலையாணை) 151இன்படி போலீஸ் அடித்ததாகப் புகார் வந்தால் விசாரிக்கப் போகிறவர் வருவாய்த்துறையின் ஆர்.டி.ஓ. அன்று அடித்த துறைக்கு இன்று இந்த வேலை!

படி 6: ஆய்வுகள்

லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பும் காமன் காஸ் என்ற தன்னார்வ அமைப்பும் சேர்ந்து வெளியிடும் இந்தியக் காவல்பணி நிலை அறிக்கைகளை எடுங்கள். 2019 அறிக்கை 21 மாநிலங்களில் சுமார் 12,000 போலீஸாரிடம் பேசியது. சராசரியாக ஒரு நாளைக்கு 14 மணி நேர வேலை என்று வந்தது. நீங்கள் போலீஸ்மேல் எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அதைப் படியுங்கள். 2025 அறிக்கை சித்திரவதை பற்றியே. இந்தியா ஜஸ்டிஸ் ரிப்போர்ட் மாநிலங்களுக்கு ரேங்க் போடுகிறது, ஆனால் அது அளப்பது பணம், ஆள், கட்டடம் போன்ற வசதிகளை. மேலே இருக்கிற மாநிலத்தில் ஸ்டேஷனில் மரியாதையாகப் பேசுவார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

எல்லாரும் நல்லது என்று சொல்வதைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளையும் தேடுங்கள். மக்களோடு இணைந்த காவல்பணியை பிரேசில், கொலம்பியா, லைபீரியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆறு நாட்டிலும் சோதித்த ஆய்வு 2021இல் சயன்ஸ் இதழில் வந்தது. நம்பிக்கையும் கூடவில்லை, குற்றமும் குறையவில்லை. 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய, பொதுமக்கள் போலீஸுக்குத் துணையாக வேலை பார்த்த ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸை 2020இல் நிறுத்தினார்களே, அதைப் பற்றி எழுதுபவர்கள் இதைப் படிக்காமல் எழுதக் கூடாது.

வெளிநாட்டில் ஒன்றே ஒன்று: வட அயர்லாந்தின் போலீஸ் ஆம்புட்ஸ்மேன். 2000லிருந்து அங்கே போலீஸ் மேல் பொதுமக்கள் கொடுக்கும் புகாரைப் போலீஸுக்குச் சம்பந்தமில்லாத இந்த அமைப்பு விசாரிக்கிறது. விசாரணை அறிக்கைகளை அதன் தளத்தில் போடுகிறார்கள். நம் 2013 சட்டத்தோடு ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

படி 7: கிடைக்காததை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள்

இவ்வளவு தேடியும் உங்கள் மாவட்டப் புகார் ஆணையத்துக்கு எத்தனை மனு வந்தது என்பது இணையத்தில் சிக்காமல் போகலாம். அப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) கேட்கலாம்: பத்து ரூபாய்க் கட்டணம், தமிழிலேயே எழுதலாம், தமிழ்நாடு அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலும் அனுப்பலாம். "ஏன்", "எப்படி" என்று கேட்காதீர்கள், தட்டிக் கழித்துவிடுவார்கள். இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை வந்த மனுக்கள், விசாரித்தவை, நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தவை, கூட்டம் நடந்த தேதிகள், கூட்டக் குறிப்பின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். பதில் தர 30 நாள். வராவிட்டாலோ மழுப்பினாலோ அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுத வேண்டும், அதற்குக் காரணமாக ஒரு வரி போதும்.