குடும்ப கோர்ட்டுக்கு மொத தடவை போறீங்களா? இப்படி ஆரம்பிங்க

பேர்ல குடும்பம் இருக்கறதால அண்ணன் தம்பி பூமி பாகம் பிரிக்கறதுக்கும் இங்கதான் வரோணும்னு நம்ம பக்கம் நெறைய பேர் நெனைக்கறாங்க, அது சிவில் கோர்ட்டுங்க. 1984 சட்டத்துல வந்த குடும்ப கோர்ட்டு பாக்கறது டைவர்ஸ், சேர்ந்து வாழ மனு, ஜீவனாம்சம், குழந்தை யார்கிட்ட இருக்கோணும்ங்கறது, புருஷன் பொண்டாட்டிக்குள்ள வர்ற சொத்து தகராறு, இதெல்லாந்தான்.

1. எந்த ஊர்ல போடறது?
இந்து திருமண சட்டப்படின்னா கல்யாணம் நடந்த ஊரு, கடைசியா சேர்ந்து குடியிருந்த ஊரு, எதிர்தரப்பு இருக்கற ஊரு. பொண்ணு போட்டா அவ இப்ப இருக்கற ஊர்லயும் போடலாம். பெங்களூர்ல குடியிருந்துட்டு இப்ப கோயமுத்தூர்ல அம்மா வீட்ல இருந்தா கோயமுத்தூரே போதும்ங்க.

2. பேப்பர் சேருங்க
பத்திரிகை, கல்யாண போட்டோ, ஆதார், குழந்தை பர்த் சர்டிபிகேட். சீர், நகை திரும்ப கேக்கறதா இருந்தா நகைக்கடை பில்லு முக்கியம், அண்டா குண்டா வரைக்கும் எழுதி வச்ச சீர் நோட்டு இருந்தா அதையும் பத்திரமா எடுத்து வைங்க.

3. ஜீவனாம்சம் கேட்டா
2020ல சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாம் எழுதி அபிடவிட் (சத்தியம் பண்ணி குடுக்கற வாக்குமூலம்) குடுக்கோணும். சொந்தமா தறி ஓட்டறவரு கூலிக்கு போறேன்னு எழுதறதும், கம்பெனி வேலைக்கு போற பொண்ணு சும்மா வீட்ல இருக்கேன்னு எழுதறதும் பேங்க் ஸ்டேட்மென்ட் வந்தா மாட்டிக்கும், அப்பறம் நீங்க உண்மையா சொல்றதையும் நம்ப மாட்டாங்க.

4. கவுன்சிலிங்
இந்த கோர்ட்டோட முக்கியமான வேலையே இதுதாங்க. விசாரணைக்கு முன்னாடி சமாதானத்துக்கு முயற்சி பண்ணோணும்னு சட்டத்துலயே இருக்கு. மாமன் மச்சான் பங்காளின்னு ஒரு வேன் ஆள் கூட்டிட்டு போகாதீங்க, பேசப்போறது நீங்க ரெண்டு பேருந்தான். சீர்ல யாரு யாரை மதிக்கலைங்கற கதைய விட்டுட்டு உங்களுக்கு என்ன வேணும்னு நேரா சொல்லுங்க, அந்த பழைய கதைலதான் பாதி கேஸு வாய்தா வாய்தாவா இழுக்குதுன்னு நான் சொல்வேன். வெளியாள் கேக்கக் கூடாதுன்னா விசாரணைய தனியா நடத்த சொல்லி கேக்கலாம்.

5. வக்கீல்
இங்க வக்கீல் வெக்கறது உரிமை கெடையாது, கோர்ட்டு அனுமதி வேணும், நடைமுறைல நெறைய பேர் வெக்கறாங்க. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100க்கு போன் பண்ணுங்க.

6. ரெண்டு பேருக்கும் டைவர்ஸ்க்கு சம்மதம்னா
ஒரு வருஷம் பிரிஞ்சிருந்திருக்கோணும், மனு போட்டு ஆறு மாசம் காத்திருக்கோணும். அந்த ஆறு மாசத்த கோர்ட்டு தள்ளுபடி பண்ணலாம்னு 2017ல தீர்ப்பு இருக்கு. சம்மதத்துல வாங்கற தீர்ப்பு மேல அப்பீல் கெடையாதுங்க, அதனால கையெழுத்துக்கு முன்னாடியே நகை, பணம், குழந்தைய பாக்கற நாளு எல்லாத்தையும் எழுத்துல போட்டுருங்க.