ஃபிலிம் ஸ்கூலில் ஃபீஸ் கட்டும் முன் எண்ட் டைட்டிலைப் படியுங்கள்

சென்னையில் தனியார் ஃபிலிம் ஸ்கூல் எதிலும் பணம் கட்டும் முன், போன பேட்ச் மாணவர்கள் படிப்பு முடிவில் எடுத்த டிப்ளமோ படங்கள் இரண்டு மூன்றைக் கேட்டு வாங்கி, எண்ட் டைட்டிலை, அதாவது படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப்பட்டியலை, நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். நல்ல காட்சிகளை மட்டும் கோத்துக் காட்டும் ஷோரீல் போதாது, அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது தெரியாது; முழுப்படமே வேண்டும்.

ஒளிப்பதிவு, எடிட்டிங், சவுண்ட் மிக்ஸிங் எல்லாவற்றிலும் மாணவர் பெயர் இருந்தால், அங்கே கருவிகள் மாணவர் கைக்கு வருகின்றன என்று நம்பலாம். இயக்கம் மட்டும் மாணவர், மற்றதெல்லாம் வெளியாள் என்றால் அந்தச் சம்பளம் யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று விசாரியுங்கள். டைட்டிலில் இருக்கும் இரண்டு பேரை இன்ஸ்டாகிராமில் பிடித்து, "கைக்காசு எவ்வளவு போட்டீங்க? கேமரா எத்தனை நாள் குடுத்தாங்க?" என்று கேட்டாலே போதும். லட்சக்கணக்கில் கட்டப்போகிறவர் இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது.

முதல் பேட்ச் இன்னும் வெளிவராத புது இடங்களுக்கு இந்த வழி உதவாது. திரைக்கதை மட்டும் படிக்கப் போகிறவர்கள் டைட்டிலை விட்டுவிட்டு, மாணவர் எழுதிய ஸ்கிரிப்டையும் அதில் ஆசிரியர் போட்ட திருத்தங்களையும் கேட்டுப் பாருங்கள். தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் இடம் கிடைத்தவர்களுக்கு இவ்வளவு அலசல் தேவையில்லை; அரசுக் கட்டணம்தான், தாராளமாகச் சேரலாம்.