ஒரு டிக்கிலேயே நின்றுவிட்ட மெசேஜ்: எஸ்எம்எஸ் எப்போது, வாட்ஸ்அப் எப்போது?

எங்கள் வீட்டில் பெரியவர்களுக்குப் போன் அமைத்துக் கொடுப்பது நான்தான். "மெசேஜ் அனுப்பிட்டேன், இன்னும் பதிலே வரலை" என்று பெரியம்மா சொன்னால், எதில் அனுப்பினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது தெரிந்தால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

எஸ்எம்எஸ் சிம் கார்டோடு வருவது. டவர் சிக்னல் இருந்தால் போதும், டேட்டா வேண்டாம். பட்டன் போனுக்கும் போகும். வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் ஆகிய ஆப்கள் எல்லாம் இன்டர்நெட்டை நம்பியவை. வைஃபை கிடைத்தால் டவரே இல்லாத இடத்திலும் ஓடும். ஆனால் வாங்குபவரிடமும் அதே ஆப் இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் ஒரு டிக் என்றால் மெசேஜ் உங்கள் போனைவிட்டுக் கிளம்பிவிட்டது, அவர் போனுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு டிக் வந்தால் சேர்ந்துவிட்டது. அவசரச் செய்தி ஒரு டிக்கிலேயே நின்றால் காத்திருக்காதீர்கள். அவர் டேட்டாவை அணைத்து வைத்திருக்கலாம். அதே செய்தியை எஸ்எம்எஸ்ஸில் சுருக்கமாக அனுப்புங்கள், அல்லது கூப்பிட்டே விடுங்கள். இரண்டு டிக்கும் நீலமாகவில்லையே என்று யார்மீதும் கோபப்பட வேண்டாம். படித்ததும் டிக் நீலமாவதை அணைத்து வைக்க செட்டிங்ஸில் வழி இருக்கிறது.

எஸ்எம்எஸ்ஸில் தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து இடம் என்றால், தமிழில் 70தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். 'வணக்கம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து, போனுக்கு ஏழு. 70ஐத் தாண்டினால் செய்தி துண்டு துண்டாகப் போகும். எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு பிடிக்கும் திட்டமாக இருந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் கணக்கு. அதனால் எஸ்எம்எஸ் என்றால் 'வந்து சேர்ந்தேன்' அளவோடு நிறுத்துங்கள். படம், குரல் பதிவு, குடும்ப குரூப் எல்லாவற்றுக்கும் ஆப்தான் சரி.

ஐபோனில் ஒரே பெட்டிக்குள் இரண்டும் வரும். நீலக் குமிழ் ஐமெசேஜ், அது இன்டர்நெட் வழி. பச்சை என்றால் எஸ்எம்எஸ்ஸாகவோ ஆர்சிஎஸ்ஸாகவோ இருக்கும். ஆர்சிஎஸ் என்பது மெசேஜ் ஆப்புக்குள்ளேயே டேட்டாவில் ஓடும் புது ஏற்பாடு, ஆண்ட்ராய்டிலும் உண்டு.

அப்புறம் ரகசியம். எஸ்எம்எஸ்ஸுக்குப் பூட்டு கிடையாது, நெட்வொர்க் நிறுவனத்தால் படிக்க முடியும். வாட்ஸ்அப் 2016 முதல் அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி எல்லா உரையாடலையும் பூட்டுகிறது. சிக்னலும் அப்படியே. டெலிகிராமில் சீக்ரெட் சாட் திறந்தால்தான் அந்தப் பூட்டு விழும். பாஸ்வேர்டு, அடையாள அட்டைப் படம் இவற்றை எதிலும் அனுப்பாமல் இருப்பதே நல்லது. அனுப்பியே ஆக வேண்டுமென்றால் எஸ்எம்எஸ்ஸில் வேண்டாம்.

இவ்வளவு பூட்டு இருந்தும் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில்தான் பெரும்பாலும் வருகிறது. "தவறி உன் நம்பருக்கு ஒரு கோடு வந்திருக்கும், அனுப்பு" என்று தெரிந்தவர் பெயரிலேயே செய்தி வரும். அனுப்பினால் கணக்கு போய்விடும். யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இன்றைக்கே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குப் போய், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைத் தட்டி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு பின் நம்பர் போட்டு வையுங்கள். கூடவே மீட்பு ஈமெயிலையும் கொடுத்துவிடுங்கள், பின் மறந்தால் அதுதான் கைகொடுக்கும்.