உடைந்த கிரேயானைப் புதிதாக்கி அங்கன்வாடிக்குக் கொடுக்க

வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கத்து அங்கன்வாடிகளுக்கு வண்ணப் பொருள் கொடுக்க நினைத்தால், முதலில் தரம் பிரியுங்கள். கையில் பிடிக்க முடியாத பென்சில், பெர்மனன்ட் மார்க்கர் வேண்டவே வேண்டாம். பிள்ளைகளிடம் குப்பையைத் தள்ளிவிடக் கூடாது.

உடைந்த கிரேயான்தான் நிறையச் சேரும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறினால் தாள் உரியும். நன்றாக உலர்த்துங்கள்; ஈரமிருந்தால் உருகும்போது தெறிக்கும். நிறம்வாரியாகப் பிரியுங்கள். எல்லாம் கலந்தால் பழுப்புதான் வரும். ஆயில் பேஸ்டலைச் சேர்க்காதீர்கள், அதன் எண்ணெயால் மெழுகு சரியாக இறுகாது.

சமையலுக்குத் திரும்பாத பழைய டப்பாவில் போட்டு, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் மெழுகு பற்றிக்கொள்ளும். இது பெரியவர்கள் செய்யும் வேலை. சிலிக்கோன் அச்சில் கட்டைவிரல் தடிமனுக்கு ஊற்றுங்கள். மெல்லியதாக இருந்தால் முதல் நாளே உடையும், சின்னதாக இருந்தால் குழந்தை விழுங்கிவிடும். முழுதாக ஆறிய பிறகே எடுங்கள்.

மிச்ச மெழுகை சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

ஒருபக்கம் அச்சான தாள்களையும் சேர்த்துக் கட்டுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியில் மே மாத வெயிலில் கிரேயான் வளைந்துவிடும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.