முதல் டெலஸ்கோப்பும் முந்தானையும்

பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் டெலஸ்கோப்பை நிறுத்திய முதல் நாள், நிலாவை ஒரு மணி நேரம் தேடினேன். கண்ணெதிரே பளிச்சென்று நிற்கிறது, குழாய்க்குள் மட்டும் அகப்படவில்லை. பக்கத்து மாடியில் துணி எடுக்க வந்த அக்கா, "அதோ இருக்குதேப்பா" என்று கை நீட்டிக் காட்டினார்.

பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பி, எடுத்ததும் 4 மி.மீ. ஐபீஸை, அதாவது கண் வைத்துப் பார்க்கும் சின்ன லென்ஸை, மாட்டியதுதான் வினை. குழாயின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை மடங்கு என்று வரும். என்னுடையது 70 மி.மீ. லென்ஸ், குவியத் தூரம் 700. 25 மி.மீ. ஐபீஸ் போட்டால் 28 மடங்கு; மூன்று நிலாவைப் பக்கம் பக்கமாக வைக்கும் அளவுக்கு வானம் தெரியும். 4 மி.மீ. போட்டால் 175, ஒரு நிலாகூட முழுசாக அடங்காது. அதன்மேல், உருவத்தை இன்னும் பெருக்கும் 3 மடங்கு பார்லோ லென்ஸைச் செருகிக் கணக்குக் காட்டுவதுதான் அந்த 525. லென்ஸின் மி.மீ. அளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது எனக்கு 140, அதுதான் உருப்படியான உச்சம். அதைத் தாண்டினால் மங்கல் பெரிதாகும், அவ்வளவுதான். எதைத் தேடினாலும் 25 மி.மீ.யில் தொடங்குங்கள்.

ஃபைண்டரை, அதாவது குறி பார்க்கக் குழாய்மேல் இருக்கும் சின்னக் கருவியை, இருட்டில் சரிசெய்ய முயல்வது அடுத்த தவறு. பகலிலேயே தூரத்துச் செல்போன் டவரின் உச்சியைக் குழாயில் பிடித்து, ஃபைண்டரின் நடுப்புள்ளியும் அதிலேயே விழும்படி திருகுகளைத் திருகுங்கள். டவர் சூரியனுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். குழாய் வழியாகவோ ஃபைண்டர் வழியாகவோ சூரியனைப் பார்த்தால் கண் போய்விடும். ஐபீஸில் திருகும் கறுப்பு ஃபில்டர் கூடவே வந்திருந்தால் தூக்கிப் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விடும்.

நிலா பார்க்கப் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று நிழலே விழாது, தட்டையாகத் தெரியும். வளர்பிறை அஷ்டமியில் பாருங்கள், குழிகளின் விளிம்பெல்லாம் எழும்பி நிற்கும்.

கோடையில் மொட்டைமாடி பகல் சூட்டை ராத்திரி வரை கக்கும், காட்சி தண்ணீருக்குள் பார்ப்பதுபோல ஆடும். கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைக் குன்றுகளிலும் இதே கதைதான். அதைவிட மண் தரையே நல்லது.

வெளிநாட்டு வான்படத்தை அப்படியே நம்பி ஏமாறுகிறவர்களும் உண்டு. எங்கள் பாலக்கோட்டில் துருவ நட்சத்திரம் 12 பாகை உயரம்தான். வடக்கே ஒரு குன்று இருந்தால் மறைந்துவிடும். அதற்கு ஈடாகச் சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே தென்சிலுவை கிடைக்கிறது. அப்புறம் நிறம். ஓரியன் நெபுலா என்னும் வாயு மேகம் கண்ணுக்குச் சாம்பல் புகையாகத்தான் தெரியும். காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கும் கேமராதான் துணை.

துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பின்னொரு நாள் அந்த அக்காவை அழைத்து வியாழனைக் காட்டினேன். "பக்கத்துல நாலு புள்ளி இருக்குதே, தூசியா?" என்று கேட்டபடியே முந்தானையால் முன் லென்ஸைத் துடைக்கப் போனார். ஓடிப் போய்க் கையைப் பிடித்தேன். துணி பட்டால் லென்ஸின் பூச்சு கீறிவிடும்; தூசியை ரப்பர் புளோயரால் ஊதினால் போதும். அவர் துடைக்கப் போனது 1610இல் கலிலியோ பார்த்த நான்கு நிலாக்களை!