படபடப்பு: 'ஈசிஜி நார்மல்' என்றதும் எழுந்து போய்விடாதீர்கள்

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன், படபடப்பு என்று வந்த பெண்ணிடம், "ஈசிஜி நார்மல்மா, டென்ஷன்தான், நல்லா தூங்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடத்துக்கு முன் இதே வசனத்தை நானும் சொன்னவன். காபியைக் குறைப்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன். படபடப்பு விஷயத்தில் நாங்களும் நீங்களும் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜியை நம்புவது

அன்று என்னிடம் வந்தவர் ஒரு டீச்சர், முப்பது வயது இருக்கும். "போர்டுல எழுதிட்டு இருப்பேன் டாக்டர், சுவிட்ச் போட்ட மாதிரி நெஞ்சு அடிக்க ஆரம்பிக்கும். கழுத்து துடிக்கும். பத்து நிமிஷத்துல பட்டுனு நின்னுடும்." என் முன்னால் உட்கார்ந்தபோது நாடி 80. ஈசிஜியில் ஒரு குறையும் இல்லை. பதற்றத்துக்கு மாத்திரை எழுதினேன். இரண்டு வருடம் சாப்பிட்டார்.

விடையை அவர் முதல் நாளே சொல்லிவிட்டிருந்தார். பயத்திலும் காய்ச்சலிலும் வரும் படபடப்பு பெரும்பாலும் மெல்ல ஏறி மெல்ல இறங்கும். சட்டென்று பிடித்து சட்டென்று விடுவது எஸ்விடி என்கிற மின்கோளாறாக இருக்கலாம். இதயத்துக்குள் மின்னோட்டம் ஒரே வட்டத்தில் சுற்றத் தொடங்கிவிடும், துடிப்பு நிமிடத்துக்கு 150-க்கு மேல், சிலருக்கு 200-க்கு மேலும் போகும். அடங்கியதும் சிலருக்கு நிறைய சிறுநீர் போகும். அதையாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

சாதாரண ஈசிஜி பதிவது சுமார் பத்து விநாடி. மழை விட்ட பிறகு கூரை ஒழுகுகிறதா என்று பார்த்த கதைதான். அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை. பிறவியிலேயே கூடுதல் மின்பாதை இருந்தால் சில சமயம் அதிலேயே தெரியும். ஆனால் 'நார்மல்' என்பது அந்தப் பத்து விநாடிக்கு மட்டும்.

ஆகவே படபடப்பு இருக்கும்போதே பக்கத்தில் எங்கே ஈசிஜி உண்டோ அங்கே போய் எடுங்கள். தினமும் வந்தால், உடம்பில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரமும் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவி உதவும். மாதம் ஒரு தடவைதான் வருகிறது என்றால் அதை மாட்டிக்கொண்டு அலைவதில் அர்த்தமில்லை, இன்னும் நீண்ட நாள் பதியும் கருவி வேண்டும். கொரோனா சமயத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால், விரலில் மாட்டி போனில் வீடியோ எடுத்து வாருங்கள். ஈசிஜிக்கு ஈடாகாது, ஆனால் எங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஈசிஜி தாளை லேமினேட் செய்வது

டீச்சருக்கு ஒரு நாள் அடிப்பு நிற்கவேயில்லை. தெருமுனை கிளினிக்கில் ஒரு நர்ஸ் உடனே ஈசிஜி எடுத்திருக்கிறார். கணவர் அதைப் பத்திரமாக லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். முழுக்கக் கறுப்பு! அது சூடு பட்டால் கறுக்கும் தாள். அடுத்த தடவை வரும்வரை நான்கு மாதம் காத்திருந்தோம். பதிவு கிடைத்து, கோளாறான மின்பாதையை அழிக்கும் அப்ளேஷன் சிகிச்சை செய்த பிறகுதான் அவருக்கு நிம்மதி. தாள் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்துவிடுங்கள்.

நாடி ஒழுங்கா, தாறுமாறா என்று பார்க்காமல் விடுவது

தாறுமாறாக ஓடினால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக இருக்கலாம். இதயத்தில் ரத்தம் கட்டி, மூளைக்குப் போனால் பக்கவாதம். வயதானவர்களுக்கு அதிகம், சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டிருந்தால் இளைஞர்களுக்கும் வரும். எப்போதாவது ஒரு துடிப்பு விட்டு, அடுத்தது 'திடுக்' என்று விழுவது வேறு, பெரும்பாலும் பயமில்லை.

ரத்தசோகை, தைராய்டு பார்க்காதது

இவற்றாலும் படபடப்பு வரும், இரண்டையும் பாருங்கள். இன்ஹேலர், சளி மாத்திரை எடுத்தாலும் வரலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படபடப்பை நிறுத்த, வீடியோ பார்த்துக் கழுத்தை அழுத்துவது

வேண்டாம்.

'காலையில் பார்த்துக்கலாம்' என்பது

படபடப்போடு மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் இருந்தால் 108-ஐ அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டாதீர்கள். ஓடும்போதோ விளையாடும்போதோ வந்தாலும், குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலும், தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள்.

போன வாரம் வந்த அந்தப் பெண் மருந்து வாங்கும் வரிசையில்தான் நின்றிருந்தார். கூப்பிட்டு, "எப்படிம்மா ஆரம்பிக்குது?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் விரலைச் சொடுக்கிக் காட்டினார்.