ஐஎஸ்-7 ஓட்டப் பழகுவோம்: மூக்கு நேராக இருக்கட்டும்

வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் என்ற இணைய டேங்க் சண்டை விளையாட்டில் சோவியத் ஹெவி (கன டேங்க்) வரிசையில் ஏறிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐஎஸ், ஐஎஸ்-3, டி-10 என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, பத்தாவது டயரில் (விளையாட்டின் படிநிலை) ஐஎஸ்-7 கைக்கு வந்த முதல் வாரத்திலேயே பலருக்கு மனசு விட்டுப்போகிறது. "கவசம் பெரிசுன்னு சொன்னாங்க, எல்லாக் குண்டும் உள்ளே போகுதே?" என்று கேட்கிறார்கள். கவசத்தில் குறை இல்லை. மற்ற ஹெவிகளில் பழகிய ஒரே ஒரு பழக்கம்தான் இங்கே நமக்கு எதிராகத் திரும்புகிறது.

அதற்கு முன் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். இது லெனின்கிராடின் கீரோவ் ஆலையில், தலைமை வடிவமைப்பாளர் ஜோசப் கோட்டினின் தலைமையில், நிக்கோலாய் ஷாஷ்முரின் முன்னின்று வடிவமைத்த முன்மாதிரி டேங்க். ஆப்ஜெக்ட் 260 என்பது அதன் ஆலைப் பெயர். எடை 68 டன். டார்பிடோ படகுகளின் டீசல் எஞ்சினிலிருந்து உருவான 1050 குதிரைசக்தி எஞ்சினைப் பொருத்தினார்கள். அத்தனை கனத்தையும் அது மணிக்கு 60 கிலோமீட்டரை ஒட்டி ஓட்டியது. ஆனால் இவ்வளவு எடையைப் பாலங்களில் ஏற்றுவதும் ரயிலில் கொண்டுபோவதும் பெரும்பாடு. 1949-இல் திட்டம் நின்றது. ஹெவி டேங்க் 50 டன்னுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பில் அப்புறம் வந்ததுதான் டி-10. 1953-இல் அது படையில் சேர்ந்தது. விளையாட்டில் இந்த வரிசை தலைகீழ்: பிந்தி வந்த டி-10 ஒன்பதாவது டயர், முந்திய ஐஎஸ்-7 பத்தாவது. உண்மையான ஐஎஸ்-7 ஒன்று இன்றும் மாஸ்கோவுக்கு அருகே குபின்கா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அந்த நீண்ட மூக்கைப் படத்திலாவது ஒருமுறை உற்றுப் பாருங்கள். நம் பாடம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

படி 1: மூக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ஹெவிக்கு முன்பக்கம் ஒரே தட்டையான தகடு. அதனால் வண்டியைச் சற்றுத் திருப்பி நிறுத்தினால் குண்டு சாய்வாகப் பட்டுத் தெறிக்கும். நாம் எல்லோரும் பழகியது இதைத்தான். ஐஎஸ்-7-க்கு முன்னால் இரண்டு தகடுகள், படகின் முனை போல நடுவில் சேர்கின்றன. ஒவ்வொன்றும் 150 மில்லிமீட்டர். மேலிருந்து கீழாகவும் சாய்வு, நடுவிலிருந்து பக்கமாகவும் சாய்வு. நேருக்கு நேர் பார்க்கும் எதிரிக்கு இரண்டு சாய்வும் சேர்ந்து கிடைக்கின்றன.

இப்போது பழக்க தோஷத்தில் வண்டியை முப்பது பாகை திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத் தகடு இன்னும் சாய்ந்துகொள்ளும், சரி. மறுபக்கத் தகடோ எதிரியைப் பார்த்துத் திரும்பிவிடும். நடுவிலிருந்து பக்கமாக இருந்த சாய்வு அங்கே காணாமல் போகும். பத்தாவது டயர் பீரங்கி எதற்கும் துளைக்க அது போதும்.

ஆகவே எதிரி எங்கே இருக்கிறானோ அங்கே மூக்கு. கராஜில் கவசத்தை நிறத்தில் காட்டும் வசதியைத் திறந்து, வண்டியை மெல்லச் சுற்றிப் பாருங்கள். எந்தக் கோணத்தில் நிறம் மாறுகிறது என்று கண்ணால் பார்த்தபின் மறக்காது. நண்பர் ஒருவர் கிடைத்தால் பயிற்சி அறையில் அவரைச் சுடச் சொல்லிப் பாருங்கள். நான் கற்றது அப்படித்தான். அரை மணி நேரத்தில், ஐம்பது ஆட்டத்தில் புரியாதது புரிந்தது.

படி 2: கீழ்த் தாடையை மறையுங்கள்

மூக்கின் கீழ்ப்பாதிதான் பலவீனம். கல் குவியல், உடைந்த சுவர், செத்த வண்டி என்று எது கிடைத்தாலும் அதன் பின்னால் நின்று, டரட் (மேலே சுழலும் பீரங்கிக் கூண்டு) மட்டும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்-7-இன் டரட் முகம் வளைந்தது, தடிமனானது. குண்டுகள் அதில் வழுக்கிப் போகும்.

மேட்டுக்குப் பின்னால் ஒளியலாமா? பெரும்பாலும் வேண்டாம். பீரங்கி கீழே 6 பாகைதான் இறங்கும். அமெரிக்க ஹெவிகள் நிற்கும் முகட்டில் நீங்களும் போய் நின்றால், குறி வானத்தைப் பார்க்கும். அதைச் சரிசெய்ய முன்னே நகர்ந்தால் கீழ்த் தாடை முழுக்க வெளியே வந்துவிடும். சமதரையும் இடிபாடும்தான் இதற்கு ஏற்ற இடம்.

படி 3: தெரு முனையில் நிற்பது

ஹிம்மெல்ஸ்டார்ஃப் மாதிரி தெருக்கள் நிறைந்த வரைபடங்களில்தான் புதியவர்கள் அதிகம் அடிவாங்குகிறார்கள். முனையிலிருந்து மூக்கை நீட்டினால், தெருவில் இருப்பவனுக்கு முதலில் தெரிவது ஒரு பக்கத் தகடு, அதுவும் நேராக. அதனால் இரண்டில் ஒன்று செய்யுங்கள்.

ஒன்று, எதிரி சுட்டுவிட்டுக் குண்டு நிரப்பும் நேரத்தில் முழுதாக வெளியே வந்து, மூக்கை அவனை நோக்கித் திருப்பிச் சுட்டு, அதே நேரில் பின்வாங்குங்கள். இன்னொன்று, மூக்கைச் சுவருக்குப் பின்னாலேயே வைத்துக்கொண்டு, பக்கக் கவசத்தின் ஒரு பகுதியை மட்டும் மிகக் கூர்மையான கோணத்தில் காட்டுவது. தகட்டின் செங்குத்திலிருந்து 70 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் ஏபி குண்டு (கவசம் துளைக்கும் சாதாரண குண்டு) தெறித்துவிடும். அதாவது வண்டியின் பக்கக் கவசத்துக்கும் குண்டின் பாதைக்கும் இடையே 20 பாகைக்குள் இருக்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குண்டு உள்ளே. இந்த இரண்டாவது வழி கைக்கு வர நாளாகும், முதல் வழியில் தொடங்குங்கள்.

படி 4: பீரங்கி

130 மில்லிமீட்டர் எஸ்-70. ஒரு அடிக்குச் சராசரி 490 புள்ளி சேதம். சாதாரண ஏபி 250 மில்லிமீட்டர் துளைக்கும், கோல்ட் குண்டு (விலை கூடிய, அதிகம் துளைக்கும் குண்டு) 303. துல்லியம் பெரிதாக இல்லை, குறி கூடவும் நேரமாகும். தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருந்தால் குண்டு வீண். இருநூறு மீட்டருக்குள் போங்கள்.

ஒரு நுணுக்கம் சொல்கிறேன். குண்டின் விட்டம் தகட்டின் தடிமனைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தால், எவ்வளவு சாய்வாகப் பட்டாலும் தெறிக்காது. 130-ஐ மூன்றால் வகுத்தால் 43. எனவே 40 மில்லிமீட்டர் கூரை உள்ள எதிரி டரட்டின் மேல் விளிம்பில் குண்டு பட்டால் உள்ளே போய்விடும். 120 மில்லிமீட்டர் பீரங்கிக்கு இந்தச் சலுகை அதே 40 மில்லிமீட்டரில் கிடைக்காது. 120-ஐ வகுத்தால் சரியாக 40. அதற்கு மேல் இல்லை.

வண்டியில் ஏறுவது 30 குண்டுதான். நான் 16 ஏபி, 12 கோல்ட், 2 எச்இ (வெடித்துச் சிதறும் குண்டு) எடுத்துப் போகிறேன். உபகரணத்தில் ரேமரும் (குண்டு நிரப்புவதை வேகப்படுத்துவது) ஸ்டெபிலைசரும் (நகரும்போது குறி சிதறாமல் காப்பது) கட்டாயம். மூன்றாவது உங்கள் விருப்பம்.

படி 5: எப்போது எங்கே போவது

வேகம் இருக்கிறதே என்று ப்ரோகோரோவ்கா வரைபடத்தின் திறந்தவெளியில் ஓடாதீர்கள். இந்த வேகம் ஹெவிகள் சண்டையிடும் மூலைக்கு முதலில் போய் நல்ல கல்லைப் பிடிப்பதற்கு. மினிமேப்பைப் பார்த்து, கூட இரண்டு பேராவது வருகிறார்களா என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். பக்கவாட்டில் ஒருவன் வந்தால் மூக்கு இரண்டு பேரைப் பார்க்க முடியாது. அப்போது பெரிய பீரங்கி யாரிடமோ அவனுக்கு மூக்கு, மற்றவனுக்குச் சுவர்.

அப்புறம், திரும்பி வரும் வழி. முன்னே 59 கிலோமீட்டர் ஓடும் வண்டி பின்னே 15-இல்தான் நகரும். பின்வாங்கும்போது முதுகைக் காட்டித் திரும்பாமல், மூக்கை எதிரியிடமே விட்டு மெல்லப் பின்னால் வர வேண்டும். அதற்கு ஆகும் நேரத்தை முன்னேறும்போதே கணக்கில் வையுங்கள். மறைவிலிருந்து ஐம்பது மீட்டர் முன்னே போனால், திரும்ப அந்த மறைவுக்குள் வர குறைந்தது பன்னிரண்டு நொடி. எதிரே நிற்கும் இரண்டு பேரும் அதற்குள் இன்னொரு முறை குண்டு நிரப்பிவிடுவார்கள்.